அயல்நாட்டு மருத்துவரும் இரண்டாண்டு நிபந்தனையும்

ஒரு நாட்டில் கற்று மற்றொரு நாட்டில் தொழில் புரியும் மருத்துவர் யாருக்குக் கடன்பட்டவர்? இவ்வினாவுக்கு அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை கூறி வந்துள்ளது. அவ்விடை மாறிய வரலாற்றை இங்குச் சுருக்கமாக நோக்குவோம்.

1948இல் அமெரிக்கா தொடங்கிய கல்விப் பரிமாற்றத் திட்டத்தின் கருத்து எளியது: வந்தவர் கற்க வேண்டும், கற்றவர் தாயகம் திரும்பிப் பயன்பட வேண்டும். பலர் திரும்பாது தங்கிவிடவே, 1956இல் ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேறி இரண்டாண்டுகள் கழிந்த பின்னரே நிரந்தர வசிப்புரிமை கோரலாம் என்பதே அது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இப்பரிமாற்றத்துக்கென ஜே விசாவைத் தோற்றுவித்தது.

1965இல் பழைய தேசவாரி ஒதுக்கீட்டு முறை ஒழிந்தது. முதியோருக்கும் வறியோருக்குமான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களும் அவ்வாண்டே பிறந்தன. மருத்துவர் தேவை பெருகியது. ஆசிய மருத்துவர்களுக்கு வாயில் திறந்தது. 1970இல் இரண்டாண்டு நிபந்தனையும் தளர்த்தப்பட்டது. ஆனால் 1976இல் காங்கிரஸ், நாட்டில் மருத்துவர் பற்றாக்குறை இனி இல்லை என்று சட்டத்திலேயே அறிவித்து, ஜே-1 விசாவில் மேற்பயிற்சி பெறும் மருத்துவர் அனைவர்மீதும் அந்நிபந்தனையை மீண்டும் சுமத்தியது.

அறிவிப்பு ஒன்று, நாட்டுப்புறத்தின் நிலை வேறு. உள்நாட்டு மருத்துவர் செல்ல விரும்பாத ஊர்களை அயல்நாட்டவரே தாங்கினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஆபிரகாம் வர்கீஸ், 1980களில் டென்னசி மாநிலத்து ஜான்சன் சிட்டியில் பணியாற்றிய அனுபவத்தை 1994இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில், வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் முயற்சியால் புதிய விலக்குத் திட்டம் ஒன்று சட்டமாயிற்று. மருத்துவர் குறைந்த பகுதியில் மூன்றாண்டு பணிபுரிய இசைபவருக்கு இரண்டாண்டு நிபந்தனையிலிருந்து விலக்கு அளிக்குமாறு ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 20 பேரைப் பரிந்துரைக்கலாம். 2002இல் இவ்வெண்ணிக்கை 30 ஆனது. தொடக்கத்தில் பொது மருத்துவரையே பெரிதும் நாடிய இத்திட்டத்தில், சிறப்பு மருத்துவருக்கும் இடமுண்டு என்பதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கியது. எனினும் காங்கிரஸ் இதனை நிரந்தரமாக்காமல் தவணை தவணையாகவே நீட்டித்து வந்துள்ளது.

விலக்குப் பெற்றதும் வசிப்புரிமை கைக்கு வந்துவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பகுதியிலோ முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலோ ஐந்தாண்டு பணியாற்றும் மருத்துவர், தேசநலன் கருதிய சலுகையின் கீழ் விண்ணப்பிக்கலாம். கான்ராட் திட்டத்தின் மூன்றாண்டும் அதில் அடங்கும். ஆயினும் எந்த ஒரு நாட்டினருக்கும் மொத்த இடங்களில் 7 விழுக்காடே என்னும் வரம்பினால், இந்தியாவில் பிறந்தவர் அதன் பின்னரும் பல்லாண்டு காத்திருக்க நேர்கிறது. ஊரார் உயிர் காக்கும் மருத்துவர், அவ்வூரில் தற்காலிக விருந்தினராகவே முதுமையை நெருங்குகிறார்.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியது மற்றொன்றும் உண்டு. ஜே-1 விசா பெறும் மருத்துவர், தம் துறைக்குத் தாயகத்தில் தேவையுண்டு என அந்நாட்டு அரசிடம் சான்று பெற்றாக வேண்டும். விலக்கு அளிக்கும்போதோ அத்தேவை நிறைவேறியதா என எவரும் வினவுவதில்லை. அரசுப் பொருளுதவி பெற்றுத் திரும்பி வருவதாக ஒப்பந்தம் செய்தவராயின் மட்டுமே தாயகத்தின் ஆட்சேபமின்மைக் கடிதம் கேட்கப்படுகிறது. ஒப்பந்தம் ஏதுமின்றிப் பொதுமக்கள் வரிப்பணத்தில் கற்றவருக்கு அக்கேள்வியே எழுவதில்லை. தாயகத்துக்குரியதாக விதிக்கப்பட்ட கடன், அமெரிக்கச் சிற்றூருக்குச் செலுத்தப்பட்டுத் தீர்ந்ததாகக் கணக்கெழுதப்படுகிறது.

சிற்றூர் நோயாளியின் தேவை பொய்யன்று; மருத்துவரின் உழைப்பும் குறைவுடையதன்று. ஆனால் கடன் கொடுத்தவரைக் கேளாமலே கடனை வேறொருவர் பெயருக்கு மாற்றுவது நீதியாகாது. 2010இல் உலக சுகாதார மன்றம் ஏற்ற பணியாளர் சேர்ப்பு நெறிமுறை, மருத்துவரை அனுப்பும் நாடுகளின் நலனையும் பேணச் சொல்கிறது. எனினும் அது எவரையும் கட்டுப்படுத்துவதன்று. 1956இன் நிபந்தனை கடுமையானதாயினும், அனுப்பிய நாட்டுக்கும் உரிமையுண்டு என்பதை அது மறக்கவில்லை. பின்வந்த விலக்குகள் அவ்வுரிமைக்கு ஈடு எதுவும் வகுக்கவில்லை.