சீருடையும் சிலேட்டும்

ராணுவத்திலும் போலீசிலும் நம்மவர் எத்தனை பேர் என்பதை நாம் வேலைவாய்ப்புக் கணக்காகவே பேசி வருகிறோம். உள்ளே போனவருக்கு என்ன பயிற்சி கிடைத்தது, எந்த உந்துதலோடு அவர் பணி செய்தார் என்பதையும் அந்தக் கணக்கோடு சேர்த்துக் கேட்க வேண்டும். மகர் சிப்பாய்களின் வரலாறு அதற்கு நல்ல சான்று.

கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகர்கள் பெருமளவில் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 அன்று நடந்த கோரேகான் போரின் நினைவுத்தூணில் 22 மகர் பெயர்கள் உள்ளன. சம்பளமும் பென்ஷனும் அவர்களை ஈர்த்தன என்பது உண்மை. ஊர் தராத ஒன்றையும் படை தந்தது: எழுத்து. சிப்பாய்க்கும் அவர் பிள்ளைகளுக்கும் படையில் கல்வி கட்டாயமாக இருந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக உயர்ந்து, ராணுவப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தார். அண்ணல் 1891இல் பிறந்ததும் மோவ் படைமுகாமில்தான்.

அந்தக் கதவு 1890களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. எந்தப் போரிலும் மகர்கள் தோற்று ஓடியதால் அல்ல. சில சாதிகளே பிறவிப் போர்வீரர்கள் என்ற 'போர்க்குடி'க் கோட்பாட்டைத் தளபதி ராபர்ட்ஸ் போன்றவர்கள் கொள்கையாக்கினார்கள். படைப்பிரிவுகள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. சென்னைப் படையிலும் காலாட்படைப் பிரிவுகள் குறைக்கப்பட்டன. பறையர்கள் நிறைந்திருந்த சாப்பர்ஸ் பிரிவோ பாலம் கட்டவும் பாதை போடவும் பயிற்சி பெற்று நிலைத்தது.

படையில் கற்ற எழுத்து வீணாகவில்லை. ஓய்வுபெற்ற சிப்பாய் கோபால் பாபா வலங்கர் தடையை எதிர்த்து மனு எழுதினார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே தலைமையில் மகர்கள் லண்டனிலிருந்த இந்திய அமைச்சருக்கு மனு அனுப்பினார்கள். ராணுவத்தோடு போலீசிலும் இடம் கேட்ட மனு அது. பிச்சை கேட்கும் தொனி அதில் இல்லை. முன்னோர் செய்த பணியைச் சுட்டி உரிமை கேட்டார்கள்.

முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் 1917இல் 111ஆம் மகர் படை உருவானது. போர் முடிந்து 1921இல் கலைக்கப்பட்டது. மீண்டும் போர் வந்தபோது அம்பேத்கர் வற்புறுத்தினார். 1941இல் பெல்காமில் மகர் ரெஜிமென்ட் பிறந்தது. அரை நூற்றாண்டுக்குள் ஒரே மக்கள் தகுதியற்றவர், தகுதியுள்ளவர், வேண்டாதவர், மறுபடி தகுதியுள்ளவர் என்று எழுதப்பட்டார்கள். அவர்களுடைய வீரம் மாறவில்லை. ஆளெடுப்பவரின் தேவைதான் மாறியது. ஆளெடுப்பை நிறுத்தி, பயிற்சியை மறுத்து, பிறகு 'இவர்களுக்கு ஆர்வமில்லை, திறனில்லை' என்று சொல்வது பழைய தந்திரம்.

இன்றைய காவல்துறையையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம். இட ஒதுக்கீடு நம் பிள்ளைகளைப் பயிற்சி மைதானம் வரை கொண்டுசேர்த்திருக்கிறது. ஆனால் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி வன்கொடுமை வழக்கை விசாரிப்பவர் துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அந்த நாற்காலி வரை நம்மவர் எத்தனை பேர் உயர்கிறார்கள்? அதில் அமரும் எவருக்கும் சாதியைப் பற்றி எத்தனை மணி நேரம் பாடம் நடக்கிறது? பணியிடங்களின் எண்ணிக்கையோடு பயிற்சிப் பாடத்திட்டத்தையும், பதவி உயர்வுப் பட்டியலையும் பொதுவில் வைக்கும்படி நாம் கேட்க வேண்டும். 1910இல் மனு எழுதியவர்கள் நமக்கு விட்டுச்சென்ற வேலை இது.