அவசர மருத்துவ உதவியும் அரசின் தராதரமும்: பிற்ஸ்பேர்க் நகரின் அனுபவம்

நோயாளியை ஏற்றிச் செல்பவர் சிகிச்சை முறைகளை அறிந்தவராயிருத்தல் வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத நியதி. ஆயினும் 1960களின் நடுப்பகுதி வரை ஐக்கிய அமெரிக்காவிற்கூட அதனை வலியுறுத்திய சட்டங்கள் அரிதாகவே காணப்பட்டன. பல ஊர்களில் அம்புலன்ஸ் சேவையை நடத்தியோர் மரணச் சடங்கு நிலையத்தாரே. படுத்த நிலையில் ஒருவரைக் கொண்டு செல்லத்தக்க நீண்ட வண்டி அவர்களிடமே இருந்தது! பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் நகரில் இப்பணி பெரும்பாலும் பொலிசாரைச் சார்ந்ததாயிருந்தது.

1965இல் விபத்துகளால் 1,07,000 பேர் இறந்தனர் என அடுத்த ஆண்டு வெளியான தேசிய விஞ்ஞானக் கழக அறிக்கை சுட்டிக்காட்டிற்று. அவ்வாண்டிலேயே நிறைவேறிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகச் சமஷ்டி அரசு இத்துறைக்கு நியமங்கள் வகுக்கத் தொடங்கியது. ஆனால் அந்நியமங்கள் எத்தகைய பயிற்சியைக் கோருதல் வேண்டும்? அதற்கான விடை பிற்ஸ்பேர்க்கின் வறிய கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதியிலிருந்து வந்தது.

செயற்கைச் சுவாச முறையை வளர்த்தெடுத்தோருள் ஒருவரான வைத்தியர் பீற்றர் சபார், 1967இல் 'பிரீடம் ஹவுஸ்' என்னும் நிறுவனத்துடன் இணைந்து ஒரு திட்டத்தைத் தொடக்கினார். தொழிலற்றிருந்த கறுப்பின இளைஞர்களே இதற்குத் தெரிவாயினர். உயர்தரப் பள்ளிக் கல்வியை முடிக்காதோரும் சிறைசென்று மீண்டோரும் அவர்களுள் இருந்தனர். முதலுதவிப் பயிற்சி சில மணித்தியாலங்களுடன் முடிந்த அக்காலத்தில், இவர்கள் ஏறத்தாழ 300 மணித்தியாலம் உடற்கூற்றியல் முதல் இதய மீட்புச் சிகிச்சை வரை கற்றனர். சேவையின் முதலாண்டிலேயே 5,000இற்கும் மேற்பட்ட அழைப்புகளுக்கு விரைந்தனர். நகரின் ஏனைய பகுதிகளிலோ பொலிஸ் வண்டியே தொடர்ந்தது. வசதி படைத்தோர் பெற்றதினும் மேலான சேவையை வறியோர் பெற்றனர் என்பது வரலாற்றில் அடிக்கடி நிகழாத ஒன்று.

பின்னர் இச்சேவையின் மருத்துவப் பணிப்பாளரான நான்சி கரோலைன், சமஷ்டி அரசுக்கெனத் தேசியப் பாடத்திட்டமொன்றை வகுத்தபோது, அது இவர்களிடையேதான் பரிசோதிக்கப்பட்டது. அந்த 1975ஆம் ஆண்டிலேயே மாநகர நிருவாகம் சேவையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. புதிய பரீட்சைகளும், குற்றப் பதிவுடையோரை விலக்கும் விதியும் வந்தன. அனுபவமிக்க பலர் வெளியேறினர். எஞ்சியோரும் புதியவர்களுக்குக் கீழே அமர்த்தப்பட்டனர். தராதரம் வேண்டாம் என எவரும் கூறார். ஆனால், அத்தராதரத்தை உருவாக்கித் தந்தவர்களையே அதன் பெயரால் ஒதுக்கியமையைத் தகுதி பற்றிய அக்கறை எனக் கொள்ள இயலவில்லை. எஞ்சியோருள் ஒருவரான ஜோன் மூன் அச்சேவையின் உதவித் தலைவர் பதவிவரை உயர்ந்து, 2009இல் ஓய்வுபெற்றார்.