கொல்களம்: ஒரு சொல்லின் வரலாறு



யார்க் நகருக்குச் சுற்றுலா சென்றவர்கள் ‘ஷாம்பிள்ஸ்’ என்னும் குறுகிய தெருவைக் கண்டிருப்பீர்கள். இன்று அங்கே இனிப்புகளும் பரிசுப் பொருள்களும் விற்கிறார்கள். 1872ஆம் ஆண்டிலோ அதே தெருவில் 25 இறைச்சிக் கடைகள் இருந்தன. கடைகளின் பின்புறத்திலேயே விலங்குகளைக் கொன்றார்கள்.

ஷாம்பிள்ஸ் என்ற சொல்லின் மூலப்பொருள் வெறும் பலகை என்பதே. அது முதலில் இறைச்சி பரப்பும் பலகையையும், பின்னர் இறைச்சிச் சந்தையையும், அதன்பின் கொல்லும் இடத்தையும் குறித்தது. இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு ‘அலங்கோலம்’ என்று பொருள்.

பாரிஸ் நகரிலும் இறைச்சிக் கடைக்காரர்கள் தத்தம் முற்றங்களிலேயே விலங்குகளை வெட்டிவந்தனர். இரத்தம் தெருவில் ஓடிற்று. பொதுக் கொல்களங்கள் கட்டும்படி 1810இல் நெப்போலியன் ஆணையிட்டான். 1818இல் ஐந்து கொல்களங்கள் திறக்கப்பட்டன. அவற்றுக்கு வழங்கிய பெயர் ‘அபத்துவார்’. வீழ்த்துதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கும் அதே வினைதான். ஆங்கிலேயரும் அச்சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டனர். தெரு தூய்மையானது; நகரத்தின் சுகாதாரத்துக்கு அது நன்மையே. ஆனால் செயல் மதிலுக்குள் மறைந்தது. மென்மையான சொல் அதற்கு இன்னொரு மதிலாயிற்று.

தமிழில் எப்படி? சிலப்பதிகாரத்தில் கோவலன் வெட்டுண்ட பகுதிக்குக் ‘கொலைக்களக் காதை’ என்று பெயர். சென்னையில் ‘ஆட்டுத்தொட்டி’ என்பார்கள். ‘கசாப்பு’ அரபு மொழிவழி வந்தது. இலங்கையில் வழங்கும் ‘கொல்களம்’ என்ற சொல்லோ எதையும் மறைப்பதில்லை. நடப்பதை நடப்பதாகவே சொல்கிறது.

வள்ளுவரும் மறைக்கவில்லை. வாங்குவோர் இருப்பதனால்தான் விற்போர் இருக்கிறார்கள் என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் அவர் சுட்டிக்காட்டுகிறார். ஆகவே கத்தி பிடித்தவரை மட்டும் இழிவாகப் பேசிவிட்டு, பொட்டலத்தை வாங்கி வருவது நமக்கு அழகன்று.

இந்நாட்டில் வளரும் நம் பிள்ளைகள் கடையில் உறையிட்ட இறைச்சியைத்தான் பார்க்கிறார்கள். ‘அபத்துவார்’ என்றால் என்னவென்று அவர்கள் கேட்டால், ‘கொல்களம்’ என்றே விடை கூறுவோம். உண்பதும் விலக்குவதும் அவரவர் விருப்பம். ஆயினும் எதை விலக்குகிறோம், எதை ஏற்கிறோம் என்பதைத் தெரிந்து செய்வதே அறம்.