கிண்டியில் திறந்த கதவு



தோட்டத்து ஆலையில் இயந்திரம் நின்றுவிட்டால், அதைச் சரிசெய்ய ஓர் ஆண்தான் வருவார் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இந்த எண்ணம் மாறத் தொடங்கிய கதை ஒன்றை இன்று பார்ப்போம். நம் முன்னோர் கப்பலேறிய துறைகளில் ஒன்றான சென்னையில் நடந்த கதை இது.

கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794ஆம் ஆண்டில் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. 1940 வரை, அதாவது 146 ஆண்டுகள், அங்கே ஒரு பெண்கூடப் பொறியியல் படிக்கவில்லை.

லலிதா என்பவர் 1919இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். 15 வயதில் திருமணம். 18 வயதில் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதக் கைக்குழந்தை. விதவை என்றால் வீட்டு மூலைதான் என்றிருந்த காலம் அது. அவரோ படித்துச் சொந்தக் காலில் நிற்க உறுதி கொண்டார். மருத்துவம் படித்தால் நேரங்காலம் இல்லாமல் அழைப்பு வரும், குழந்தையைக் கவனிக்க முடியாது என்று எண்ணிப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார்.

அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளுக்கு இடம் தரும்படி அவர் கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் கேட்டார். முதல்வர் இசைந்தார், கல்வித்துறை இயக்குநர் ஸ்டாத்தமும் ஒப்புதல் அளித்தார்.

நூற்றுக்கணக்கான ஆண்களுக்கிடையே லலிதா ஒருவரே பெண். விடுதியிலும் தனிமை. பெண்கள் சேரலாம் என்று கல்லூரி அறிவிப்புச் செய்தது. லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் இருவர் வந்து சேர்ந்தனர். உலகப் போர்க் காலத்தில் மூவரும் பட்டம் பெற்றனர். ஆண்களுக்கென்றே அச்சிட்டிருந்த பட்டச் சான்றிதழில் 'அவன்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுத வேண்டியிருந்ததாம்!

லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்றார். பின்னர் கல்கத்தாவில் ஒரு மின்சாதன நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பணியிலும் அவருக்குப் பங்குண்டு. 1964இல் நியூயார்க்கில் கூடிய முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1979இல் காலமானார். அவருடைய தோழி திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

நேயர்களே, லலிதாவின் அறிவு மட்டும் அந்தக் கதவைத் திறந்துவிடவில்லை. தந்தை கூச்சப்படாமல் போய்க் கேட்டார். உடன்பிறந்தார் குடும்பத்தினர் குழந்தையைப் பார்த்துக்கொண்டனர். தோழியர் இருவர் துணை வந்தனர். கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தும், தம்பியைப் பார்த்துக்கொள்ள லயத்து வீட்டிலேயே நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளை நாம் அறிவோம். இனி அப்படி நிறுத்தாதிருப்போம். ஒருத்தி தனியே போகத் தயங்கினால், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து அனுப்புவோம்.