பம்பாய் ஓ பிறந்த கதை

ஜெர்மன் பேசும் நாடுகளில் ரத்த வகை அட்டையில் 'ஓ' என்ற எழுத்தைப் பார்க்க முடியாது. அந்த இடத்தில் பூஜ்யம் இருக்கும். ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, ஆகவே சைபர். பம்பாய்க்காரர்கள் சிலர் வந்து கலைக்கும்வரை அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

சைபரைக் கண்டவர் வியன்னாவின் கார்ல் லாண்ட்ஸ்டைனர். ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரத்தத்தோடு சேர்ந்தால் சில நேரம் திரிதிரியாகக் கட்டிவிடும். அது நோயின் வேலை என்று நினைத்த காலம். நல்ல உடம்புக்காரர்களிடமும் அப்படி ஆகுமா என்று அவர் பார்த்தார். தன்னிடமும் சக ஊழியர் ஐந்து பேரிடமும் ரத்தம் எடுத்து, சிவப்பணுவைத் தனியாக, சீரத்தைத் தனியாகப் பிரித்து, ஒருவருடையதை மற்றவருடையதோடு மாற்றி மாற்றிக் கலந்தார். 1901-இல் அவர் வெளியிட்ட முடிவில் மூன்று கூட்டங்கள் இருந்தன: ஏ, பி, சி. அந்த சி-தான் பிற்பாடு ஓ ஆனது. லாண்ட்ஸ்டைனரே அந்தக் கூட்டம்தான். ஏபி மறு ஆண்டு அகப்பட்டது. 1930-இல் அவருக்கு நோபல் பரிசு.

ஏ, பி என்பவை அணுவின் மேலுள்ள அடையாளங்கள். நம் அணுவில் இல்லாத அடையாளத்தை நம் சீரம் எதிரியாகப் பார்க்கும். ஓ அணுவில் ஏ, பி இரண்டும் இல்லை. சண்டைக்கு ஆள் இல்லை. ஆகவே ஓ யாருக்கும் கொடுக்கலாம் என்றார்கள். (1940-இல் ஆர்எச் என்ற இன்னொரு அடையாளம் தெரியவந்தபின் 'ஓ நெகட்டிவ்' என்று திருத்திக்கொண்டார்கள்.)

1952-இல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டே குழுவிடம் விநோதமான ரத்தம் வந்து சேர்ந்தது. அணுவைச் சோதித்தால் ஓ மாதிரி தெரிகிறது. சீரமோ ஏ, பி அணுக்களோடு ஓ அணுவையும் கட்டவைக்கிறது! யாரோடும் சண்டை போடாத ஓ-வோடு இதற்கு என்ன பகை?

பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா மூவரும் லண்டன் ஆய்வாளர்களுடன் சேர்ந்து அதே ஆண்டு 'லான்செட்' இதழில் எழுதினார்கள். விஷயம் பிற்பாடு தெளிவானது: ஓ அணு வெறும் அணு இல்லை. அதன்மேல் எச் என்றொரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதன் நுனியில் ஒரு சர்க்கரை ஒட்டினால் ஏ, வேறொன்று ஒட்டினால் பி, ஒன்றும் ஒட்டாவிட்டால் ஓ. எச் என்பது சுவரில் அடித்த ஆணி. ஏ, பி அதில் மாட்டிய சட்டைகள். பெண்டே கண்ட பம்பாய் வகைக்காரரின் சுவரில் ஆணியே கிடையாது; ஆகவே அவர் சீரத்துக்கு எச்-சும் எதிரி. பெற்றோரிடமிருந்து ஏ, பி மரபணு வந்திருந்தாலும் மாட்ட இடமில்லை. உண்மையான சைபர் இதுதான், லாண்ட்ஸ்டைனருடையது இல்லை.

விளைவு கொடுமையானது. இவர்கள், ஆர்எச் பொருந்தினால், ஏ, பி, ஏபி, ஓ எல்லோருக்கும் சிவப்பணு கொடுக்கலாம். வாங்குவதென்றால் இன்னொரு பம்பாய்க்காரரிடம் மட்டும்தான். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர். ஐரோப்பாவில் அதைவிட மிக அபூர்வம். அணுவை மட்டும் பார்த்து அட்டையில் 'ஓ' என்று எழுதிவிட்டால் ஆபத்து அங்கேதான். சீரத்தை ஓ அணுவோடும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

தாய், தகப்பன் இருவரும் அந்தக் குறையைக் கடத்தினால்தான் பிள்ளைக்கு இது வரும். ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பம்பாய் வகை என்று தெரிந்தால், ஊரெல்லாம் தேடுவதற்கு முன் கூடப்பிறந்தவர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் அது இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பாவது உண்டு.