அத்தரின் உயிரும் மெய்யும்

அத்தர் என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு நினைவு வருவது பெரும்பாலும் நாகூர்த் தர்காவைச் சுற்றியுள்ள கடைத்தெருவாகவோ, பெருநாள் தொழுகை முடிந்து வந்து மார்புறத் தழுவிய இஸ்லாமிய நண்பராகவோ இருக்கும். நம் வீடுகளில் வாசனை என்றால் அது தலையில் மல்லிகை, மார்பில் சந்தனம், விருந்தினர்மேல் தெளிக்கும் பன்னீர். ஒரு துளி எண்ணெயை மேனியில் இட்டுக்கொண்டு நாள் முழுவதும் அதனோடு வாழ்ந்திருக்கும் வழக்கத்தை, வடநாட்டுக்கு உத்தியோகத்தின் பொருட்டு வந்த பிறகே நம்மிற் பலர் அருகிருந்து காண்கிறோம். நான் டில்லிக்கு வந்த புதிதில், லக்னோவைச் சேர்ந்த மூத்த அலுவலர் ஒருவர் காதுமடலின் குழிவில் சிறு பஞ்சுத் திரி செருகியிருப்பதைக் கண்டு, பாவம், காதுவலி போலும் என்று பல நாள் இரக்கப்பட்டதுண்டு.

பிறகு எனக்கும் அதில் ஆசை பிறந்தது. பழைய டில்லியின் தரீபாத் தெருவில் ‘குலாப்’ என்னும் ரோஜா அத்தரில் இரண்டு சிறு குப்பிகள் வாங்கினேன். பெயர் ஒன்றுதான், விலையோ ஒன்றைப்போல் மற்றொன்று பத்து மடங்கு. கடையில் மூடியைத் திறந்து முகர்ந்தபோது மலிவான சரக்கே எனக்கு இனிதாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மறுநாட் காலை இடக்கை மணிக்கட்டில் மலிவானதையும் வலக்கை மணிக்கட்டில் உயர்ந்ததையும் ஒவ்வொரு துளி இட்டுக்கொண்டு அலுவலகம் சென்றேன். இடக்கை பேருந்திலேயே ஊரைக் கூட்டியது. நண்பகலுக்குள் அதில் மணம் என்று ஒன்றுமில்லை. எஞ்சியது நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தாளில் பட்ட எண்ணெய்க் கறையே. வலக்கையில் முதலில் பச்சிலையைக் கசக்கினாற் போன்ற ஒரு காரம். அது தணிந்து பத்து மணியளவில் ரோஜா. பிற்பகலில் ரோஜாவும் தேனுமான ஒரு மணம். மாலையில் ரோஜா ஒதுங்கி வேறொன்று நின்றது. எங்கேயோ அறிந்த மணம்; எதுவென்று பிடிபடவில்லை. வீட்டில் நுழைந்ததும் என் மனைவி கேட்டாள்: “கோயிலுக்குப் போய்விட்டா வருகிறீர்கள்?”

ஆம், அது சந்தனம். ரோஜா என்று விலைகொடுத்து வாங்கிய பொருளுக்குள் சந்தனம் எவ்வாறு வந்தது என்று அறியப் புகுந்ததில் நான் கண்டவற்றையே நேயர்கள்முன் வைக்கிறேன்.

ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தவர் நூர்ஜஹான் என்று கதை வழங்குகிறது. அரசி நீராடிய ஓடையில் ரோஜா இதழ்களின் எண்ணெய் மிதந்தது, அதை அவர் கண்டார் என்பர். ஜஹாங்கீர் தம் கைப்படப் பாரசீகத்தில் எழுதிய நினைவேடு வேறு கூறுகிறது. 1614ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை எழுதும் இடத்தில் அவர் அப்பெருமையை நூர்ஜஹானின் தாயாருக்கே அளிக்கிறார். அவ்வம்மையாரின் பெயர் அஸ்மத் பேகம். ஆக்ராவில் யமுனைக் கரையில் கணவர் இதிமாத் உத்தௌலாவின் அருகே அடக்கமாகியிருப்பவர். சூடான பன்னீரைத் தட்டங்களில் ஊற்றுகையில் மேலே ஆடைபோல் படிந்த நுரையை அவர் சிறிது சிறிதாகச் சேர்த்தாராம். அதற்குப் பேரரசர் முத்துமாலை ஒன்றைப் பரிசளித்தார். உடனிருந்த சலீமா சுல்தான் பேகம் அந்த எண்ணெய்க்கு ‘இத்ரே ஜஹாங்கீரி’ என்று பெயர் சூட்டினார். மகளின் புகழ் பெரிதாகையால் தாயின் கண்டுபிடிப்பும் அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது போலும்.

அக்குறிப்பில் என்னைக் கவர்ந்தது வேறொரு செய்தி. அந்த எண்ணெயின் ஆற்றலைச் சொல்ல வந்த ஜஹாங்கீர் குப்பியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தால் சபை முழுவதும் மணக்கும் என்றே எழுதுகிறார். நறுமணத்தை அளக்கும் இடம் மனிதனின் தோல் என்பது அவருக்கு ஐயமற்ற செய்தி.

தட்டத்தில் மிதந்த அந்த எண்ணெய் கலப்பற்ற ரோஜா நெய். இதனை வடநாட்டு வணிகர் ‘ரூஹ்’ என்பர். ரூஹ் என்ற அரபுச் சொல்லுக்கு உயிர் என்பது பொருள். நம் கடைகளில் அத்தர் என்று விற்பது இதுவன்று. அதன் தன்மையை அறிய உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகருக்குச் செல்லவேண்டும். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனர் வீற்றிருந்து ஆண்ட அதே கன்னோசிதான். அரசு போய் நெடுங்காலமாகிவிட்டது. வாசனைத் தொழில் அங்கே நிலைத்து நிற்கிறது.

அங்கு அத்தர் வடிக்கும் முறை பார்ப்பதற்கு மிக எளிது. ‘தேக்’ எனப்படும் பெரிய செப்புக் கொப்பரையில் மலரையும் நீரையும் இட்டு மூடி, விளிம்பைக் களிமண்ணும் பஞ்சும் பிசைந்து அடைக்கிறார்கள். விறகும் வறட்டியும் இட்டு அடியில் எரிக்கிறார்கள். மூடியிலிருந்து ஒரு மூங்கிற் குழாய் இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமர்ந்திருக்கும் நீள்கழுத்துச் செப்புக் கலத்தினுள் செல்கிறது. இக்கலத்துக்கு ‘பப்கா’ என்று பெயர். இதுதான் சூட்சுமம்: அந்தக் கலம் காலியாக இராது. முன்னதாகவே அதில் சந்தன எண்ணெய் ஊற்றியிருக்கும். மலரின் ஆவி வந்து குளிர்ந்து நீராகும்போது அதன் மணத்தைச் சந்தனம் பற்றிக்கொள்கிறது. அடியில் தங்கும் நீரை வடித்து மீண்டும் கொப்பரையில் ஊற்றி, மறுநாள் புதுமலர் இட்டு, மறுபடி வடிக்கிறார்கள். இவ்வாறு பத்து, பதினைந்து நாள் நடந்தபின்னரே சந்தனம் மலரை வயிறார உண்டதாகக் கொள்வர்.

இந்த வேலையில் வெப்பமானி இல்லை. தொட்டியிலிருக்கும் கலத்தைக் கையால் தொட்டுப்பார்த்தே தீயைக் கூட்டுவதும் குறைப்பதும். கலத்தை மாற்றும் நேரத்தில் ஈரத்துணியால் கொப்பரையைத் துடைத்து ஆவியை அடக்குவதும். தோலில் இடப்போகும் பொருளைத் தோலைக்கொண்டே காய்ச்சுகிறார்கள். முடிவில் அத்தரை ஒட்டகத் தோலால் ஆன பைகளில் ஊற்றி வெயிலில் வைக்க, எஞ்சிய ஈரம் தோலின் வழியே கசிந்து போய்விடுகிறது. அப்பைக்குப் பெயர் ‘குப்பி’. நம் கண்ணாடிக் குப்பிக்கும் அதே பெயர்தான்.

இந்தச் சந்தனத்தைக் குறித்து ஒரு பழைய வழக்கு உண்டு. அயோத்தி நவாபின் நாட்டில் வாழ்ந்த பொலியே என்னும் சுவிட்சர்லாந்துக்காரர், ரோஜா அத்தர் எடுக்கும் முறையைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்கத்தா ஆசியக் கழகம் 1788இல் வெளியிட்ட தன் முதல் தொகுதியில் அதனைச் சேர்த்தது. இந்நாட்டார் மலரோடு சந்தனச் சீவல்களையும் கொப்பரையில் இடுகிறார்கள் என்று கூறி, அதனை ஒரு மோசடியாகவே அவர் கணித்தார். அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொன்னார். தூய ரோஜா நெய் சிறு குளிரிலேயே உறைந்துவிடும்; சந்தன எண்ணெய் உறையாது. மேலும், என்ன செய்தாலும் சந்தன மணம் அடங்காமல் மேலெழுந்து நிற்கும் என்றார்.

உறையும் செய்தி முற்றும் உண்மை. டில்லி மார்கழியில் ரூஹ் குலாப் வைத்திருப்பவர் கையில் வைத்து இளக்கியே எடுப்பர். ஆனால் அவருடைய தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. ரூஹ் என்று சொல்லி விற்றால் சந்தனம் கலப்படம்தான். அத்தர் என்று சொல்லி விற்றால் சந்தனமே அதன் உடம்பு. நம் இலக்கண ஆசிரியர்கள் இதை எளிதாகத் தீர்த்திருப்பார்கள். மலரின் நெய் உயிர், சந்தனம் மெய், அத்தர் உயிர்மெய். உயிர்மெய்யைக் கண்டு இதில் உயிர் தனித்து நிற்கவில்லையே என்று குறைகூறுவார் உண்டோ?

மெய் ஏன் வேண்டும் என்பதை இக்கால இரசாயன நூல் விளக்கிவிடுகிறது. ரோஜாவின் மணத்துக்குக் காரணமான ஜெரானியால், சிட்ரோனெல்லால், பினைல் எதில் ஆல்கஹால் ஆகியவை சுமார் 220 முதல் 230 டிகிரி சென்டிகிரேடில் கொதிப்பவை. சந்தனத்தின் சாண்டலால் சுமார் 300 டிகிரியில் கொதிப்பது. மேனியின் மேற்பரப்பு ஏறக்குறைய 33 டிகிரிதான். அங்கே எதுவும் கொதிப்பதில்லை. ஆயினும் எது எளிதில் ஆவியாகுமோ அது முந்திப் புறப்படுகிறது, கனத்தது பிந்துகிறது. சந்தனத்தில் கரைந்திருக்கும் ரோஜா அவசரப்பட்டு ஓடிவிடாமல் சிறுகச் சிறுக வெளியேறுகிறது. அது போனபின்னும் சந்தனம் நிற்கிறது. என் வலக்கையில் காலைமுதல் மாலைவரை நடந்தது இதுவே. மேனாட்டு வாசனைத் தைலங்களில் ஏந்தி நிற்பது 78 டிகிரியில் கொதிக்கும் சாராயம். அது நொடியில் பறந்து மணத்தையும் அறையெங்கும் தூக்கிச் செல்லும். அத்தர் மேனியோடு ஒட்டியிருந்து, அணுகியவர்க்கு மட்டும் மணக்கும்.

ஒரே அத்தர் ஒருவர்போல் மற்றொருவர்மேல் மணக்காதது எதனால் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை தொடங்குகிறது. நெய்ப்பசை மிகுந்த தோல் மணத்தைப் பற்றி நிறுத்தும். வறண்ட தோலில் அது விரைந்து போகும். குருதிக் குழாய்கள் மேலோட்டமாக ஓடும் மணிக்கட்டும் கழுத்தும் வெப்பமான இடங்களாதலால் அங்கே ஓட்டம் அதிகம். வியர்வையின் மணமும் கூடச் சேர்கிறது. இன்னொன்று: அணிந்தவர் மூக்கு அரைமணியில் பழகிவிடும். மணம் போயிற்றே என்று அவர் மேலும் இரண்டு துளி இட்டுக்கொள்வார். மின்தூக்கியில் உடன்வருபவர்கள் மூச்சடக்கி நிற்பார்கள்.

இனி அந்த மெய்யின் கதை. கன்னோசியின் மலர்கள் வடநாட்டு வயல்களில் பூப்பவை. சந்தனமோ மைசூர்க் காடுகளிலும், நம் ஜவ்வாது மலை, சத்தியமங்கலம் முதலிய இடங்களிலும் வளர்ந்து வடக்கே சென்றது. கங்கைக்கரை அத்தர் ஒவ்வொன்றிலும் தென்னாட்டு மரம் ஒன்று கரைந்திருந்தது. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசமரமென்று அறிவித்தார். பின்வந்த ஆட்சிகளும் அவ்வழியே நடந்தன. 1914இல் மூண்ட உலகப் போரால் ஐரோப்பாவுக்குக் கட்டை போவது தடைப்பட, 1916இல் மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. மரம் எவர் நிலத்தில் முளைத்தாலும் அரசுக்கே உரியது என்ற சட்டத்தால் குடியானவன் அதை விரும்பவில்லை. காட்டிலோ திருடர் விட்டுவைக்கவில்லை. சென்ற நூற்றாண்டின் இறுதிக்குள் சந்தனம் அருகி, விலை ஏறி, கன்னோசியின் பல கொப்பரைகளுக்கு எட்டாமற் போயிற்று.

அப்போது சந்தனத்தின் இடத்தில் வந்தமர்ந்தது திரவப் பாரபின் என்னும் மண்ணெண்ணெய் வர்க்கத்து எண்ணெய். அதற்குத் தனக்கென மணம் இல்லை, விலை சொற்பம். குப்பியில் முகரும்போது குறை தெரியாது. ரோஜாவை மறைக்கச் சந்தனம் இல்லாமையால் அது மிகுதியாகக்கூட மணக்கும். நான் கடையில் ஏமாந்தது இங்கேதான். மேனியில் இட்டு ரோஜா பறந்தபின், தருவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. பொலியே மோசடி என்ற சந்தனம் இன்று கிடைப்பதற்கரிய நேர்மையாகிவிட்டது. கன்னோசித் தொழிலாளியை நான் இதில் குறைகூற மாட்டேன். அவர் பழைய கொப்பரையில் பழைய முறையிலேயே வடிக்கிறார். வாங்குபவர் மலிவைக் கேட்கிறார். ஆனால் எது எதில் வடித்தது என்பதைக் குப்பியின்மேல் எழுதுவதற்கு என்ன தடை?

நெடுநேரம் நிற்பதுதான் உயர்ந்ததன் அடையாளம் என்று எண்ணுவதும் பிழை. இரசாயனச் சாலையில் செய்த சில வாசனைகள் இரண்டு நாளானாலும் போகமாட்டா. அவை காலையில் இருந்தபடியே இரவிலும் இருக்கும். நல்ல அத்தர் மாறிக்கொண்டே செல்லும். கடைக்காரர் புறங்கையில் ஒரு துளி இடுவார். அந்த இடத்திலேயே விலைபேசாமல் ஊர்சுற்றிவிட்டு இரண்டு மணி கழித்துத் திரும்பிச் செல்வதே முறை.

அத்தரில் பருவமும் உண்டு. குளிர்காலத்துக்குப் பல மூலிகைகளும் வாசனைப் பொருள்களும் சேர்ந்த ஷமாமா; கோடைக்கு வெட்டிவேர். செப்புக் கொப்பரையில் வடித்த வெட்டிவேர்த் தைலம் செம்பின் சேர்க்கையால் பச்சை நிறம் கொள்ளும். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதனை நம் தமிழ்ப் பெயராலேயே வழங்குகிறார்கள் என்பதை மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் சொல்லாமல் விட மனமில்லை. கோடைக்கே உரிய இன்னொன்று ‘மிட்டி’ அத்தர். மலரே இல்லாமல் சுட்ட மண்ணை வடித்து, முதல் மழையின் மண்வாசனையைச் சந்தனத்தில் பிடித்துவைப்பது. 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான பியரும் தாமஸும் அவ்வாசனையை ஆராய்ந்து அதற்கு ‘பெட்ரிகோர்’ என்று புதுப்பெயர் இட்டபோது, உத்தரப் பிரதேசத்தார் அதை முன்பே குப்பியில் அடைத்து விற்பதையும் தம் கட்டுரையில் குறித்தார்கள்.

கருநாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்திச் சந்தனத்தை நட்டவர்க்கே உரிமையாக்கின. வெட்டவும் விற்கவும் அனுமதி பெறவேண்டும் என்பது மட்டும் நீங்கவில்லை. சந்தனம் வயிரம் பாய்ந்து எண்ணெய் தர இருபது ஆண்டுகளேனும் பொறுத்திருக்க வேண்டும். முதலில் நட்டவை இப்போதுதான் அந்தப் பருவத்தை எட்டுகின்றன. அம்மரங்களில் எத்தனை கன்னோசி வரை செல்லும் என்பது அவற்றை வாங்கப்போகிறவர்களின் விலையைப் பொறுத்தது.

காதில் பஞ்சு வைத்திருந்த அந்த லக்னோ நண்பர் ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டார். மணிக்கட்டில் இட்டால் கைகழுவும்போது போய்விடும், ஆடையில் இட்டால் கறைபடும், காது எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், யாரும் அதைக் கழுவிக்கொண்டே இருப்பதில்லை என்று அவர் ஒருநாள் எனக்கு விளக்கினார். விளக்கிவிட்டு, தம் பெட்டியிலிருந்து புதுப் பஞ்சு கிள்ளி, வெட்டிவேரில் தோய்த்து, என் காதிலும் ஒன்றை வைத்தார். வைகாசி வெயிலில் அன்று நடந்தே வீடு வந்தேன்.