பலன்ஸ் செய்தும் நிற்காத சில்லு நடுக்கம்: காரணத்தைத் தேடும் ஒழுங்கு

சில்லு பலன்ஸ் செய்தாயிற்று. அலைன்மன்ட் பார்த்தாயிற்று. முன் டயர் இரண்டும் புதிது. ஆனாலும் 60 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஓடும் கார்களைத் திருத்தும் எனக்கு இது பழகிப்போன முறைப்பாடு. பெரும்பாலும், தேவையில்லாத ஒரு பாகத்துக்குக் காசு செலவான பிறகே வண்டி கராஜுக்கு வருகிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் எமது வீதிகளில் வயதான கார்களே அதிகம். எதை முதலில் பார்ப்பது என்ற ஒழுங்கு தெரிந்தால் காசு மிஞ்சும். சில வேளை உயிரும் தப்பும்.

எப்போது நடுங்குகிறது?

நான் முதலில் சாவியை வாங்குவதில்லை, கேள்விதான் கேட்கிறேன். எந்த வேகத்தில் வருகிறது? பிரேக் பிடிக்கும்போது மட்டுமா? அக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டுமா? கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா?

ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சில்லு. இருக்கையில் தெரிந்தால் பின் சில்லு. குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டியதும் குறைந்தால் சில்லின் எடைச் சமநிலை அல்லது ரிம்மின் வடிவம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க் அல்லது பின் ட்ரம். வேகமெடுக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றால் எஞ்சின் பக்கத்து சி.வி. ஜொயின்ட். வண்டி நிற்கும்போதே எஞ்சினை உறுமவிட்டால் நடுங்குகிறது என்றால் அது சில்லே அல்ல, எஞ்சின் மவுண்ட்டைப் பாருங்கள். வளைவில் திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் பெயாரிங்.

அலைன்மன்ட் பிழை நேரடியாக நடுக்கம் தருவதில்லை. வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், டயரை ஒரு பக்கமாகத் தேய்க்கும். அந்தத் தேய்வுதான் பின்னர் அதிர்வாக மாறுகிறது.

வாவிக்கரைக் காரணங்கள்

பங்குடாவெளியில் இருந்து கல்முனை வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளும் வாவி இது. எழுவான்கரையில் கடற்காற்றும் உவர் ஈரமும். படுவான்கரையில் கிரவல் வீதியும் வயற்சேறும். மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி, வவுணதீவுப் பக்கம் என்று பல இடங்களில் வெள்ளத்தின் மேலாகவே வண்டிகள் போகின்றன. அப்போது ரிம்மின் உட்புறத்தில் ஏறும் சேறு காய்ந்து கட்டியாகிவிடும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது.

14 அங்குல ரிம் கொண்ட சிறிய காரின் சில்லு, 80 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 13 தடவை சுழலும். ரிம் விளிம்பில் வெறும் 20 கிராம் சேறு ஒட்டியிருந்தாலே, 2 கிலோவுக்கு மேற்பட்ட எடை தொங்குவது போன்ற விசை ஒவ்வொரு சுற்றிலும் சில்லை இழுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். எனவே முதல் மருந்து தண்ணீர்க் குழாயும் பிரஷும்தான்.

அடுத்தது துரு. சில்லைக் கழற்றினால் ஹப்பின் முகப்பில் செதில் செதிலாகத் துரு இருக்கும். டிஸ்க்கும் ரிம்மும் அந்த முகப்பில் சமமாக அமர வேண்டும். தலைமயிர்த் தடிப்பளவு துரு இடையில் சிக்கினாலும் டிஸ்க் விளிம்பில் ஆட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்; பிரேக் நடுக்கத்துக்கு அது போதும். பழைய ஹப்பைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் போட்டவர்களுக்கு நடுக்கம் திரும்பி வருவது இதனால்தான். கம்பி பிரஷால் முகப்பைத் துலக்குங்கள். கிரீஸ் டிஸ்க்கிலோ நட் பிடிக்கும் புரியிலோ படக்கூடாது.

பலன்ஸ் இயந்திரம் காட்டாதவை

பலன்ஸ் இயந்திரம் எடையை அளக்கிறது, வட்டத்தை அல்ல. குழியில் அடிபட்டு வளைந்த ரிம்முக்கும், மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்ததில் ஒரு இடம் மட்டும் தட்டையான டயருக்கும் ஈயம் ஒட்டி எடையைச் சரிசெய்யலாம். ஓடும்போது அது துள்ளத்தான் செய்யும்.

கம்பனி ரிம்மை மாற்றி அலோய் ரிம் போட்ட கார்களில் இன்னொன்றையும் பாருங்கள். ரிம்மின் நடுத்துளை ஹப்பை விடப் பெரிதாக இருந்தால் சில்லு மையத்தில் அமராது. இயந்திரத்தில் சரியாகச் சுழலும் அதே சில்லு காரில் நடுங்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போட்டால் தீரும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை

எழுவான்கரை மணலில் ஜக் புதையும். அடியில் தடித்த பலகை வையுங்கள், மற்றச் சில்லுகளுக்குக் கல் கொடுங்கள், ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்கு அடியில் போகவே வேண்டாம்.

முதலில் நட் இறுக்கத்தைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று எதிராக உள்ளவற்றை மாறி மாறி இறுக்க வேண்டும். அளவு கையேட்டில் உண்டு. பிறகு சில்லைத் தூக்கி, ரிம் விளிம்புக்கு அருகில் ஒரு பேனையை அசையாமல் வைத்துச் சுழற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வளைவு உண்டு. சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ட். இடம் வலமாக என்றால் டை ரொட்.

எதுவும் அகப்படாவிட்டால் முன் சில்லுகளை அதே பக்கப் பின் சில்லுகளுடன் மாற்றி ஓடிப் பாருங்கள். நடுக்கம் கையில் இருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குற்றம் சில்லில். மாறாவிட்டால் ஹப், டிஸ்க், ஜொயின்ட் பக்கம் தேடுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு மணித்தியாலம் மட்டுமே.

டயரின் வயதையும் வாசியுங்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், மற்ற இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

ஓட்டக் கூடாத நிலை

20, 30 கிலோமீற்றர் வேகத்திலேயே வண்டி இடம் வலமாக அசைந்தால் டயரின் உள் கம்பி விட்டிருக்கலாம். பக்கச் சுவரில் புடைப்பு, தளர்ந்த நட், ஜொயின்ட்டில் தளர்வு, நேற்று இல்லாமல் இன்று திடீரென வந்த கடும் நடுக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் "கராஜ் வரைக்கும் போவம்" என்று ஓட்ட வேண்டாம். டயர் வெடித்தாலோ சில்லு கழன்றாலோ, கல்லடிப் பாலத்திலோ மண்முனைப் பாலத்திலோ ஒதுங்க இடம் கிடைக்காது. மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே கூப்பிடுங்கள்.

மற்ற நடுக்கங்களுக்கு, வேகம், பிரேக், அக்சிலரேட்டர், கையா இருக்கையா என்ற நான்கையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போங்கள். எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்வதற்கு முன் அந்தத் துண்டைக் காட்டுங்கள்.